வைல்டரோட வலது கை: நெசமாவே இடியா, இல்ல வெறும் பில்டப்பா?

பாக்ஸிங்ல அதிக எடைப் பிரிவான ஹெவிவெயிட்ல மோதற டியான்டே வைல்டர்னு பேரெடுத்தாலே ரெண்டு கோஷ்டி கிளம்பிரும். ஒண்ணு, "ஹெவிவெயிட் சரித்திரத்துலயே இவன மாதிரி குத்துறவன் பொறந்ததில்ல"ன்னு சத்தியம் பண்ற கோஷ்டி. இன்னொண்ணு, "அட போப்பா, டம்மி பீஸுகளா புடிச்சுப் போட்டு அடிச்சு பேர் வாங்கிட்டான், நெசமான ஆளுங்க முன்னாடி நின்னதும் சாயம் வெளுத்துப் போச்சு"ன்னு சொல்ற கோஷ்டி. நான் ரொம்ப வருசம் ரெண்டாவது கோஷ்டியில சட்டமா உக்காந்திருந்தவன். போன வாரம் ஒரு நண்பன் வைல்டர் நாக்அவுட் எல்லாத்தையும் ஒட்டுன வீடியோ ஒண்ண அனுப்பி "இப்ப சொல்லு மச்சான்"னு கேட்டான், அவனுக்கு வாட்ஸ்அப்ல டைப் பண்ண ஆரம்பிச்சது நீண்டுக்கிட்டே போயி இங்க வந்து நிக்குது.

முதல்ல அந்த நம்பர். 2025 ஜூன் வரைக்கும் கணக்கெடுத்தா 49 சண்டை, 44 வெற்றி, அதுல 43 நாக்அவுட், 4 தோல்வி, 1 டிரா. 43 நாக்அவுட்னதும் எனக்கு உடனே ஞாபகம் வந்தது பழைய ஹெவிவெயிட் சாம்பியன் ராக்கி மார்சியானோ, அவரும் அதே 49 சண்டை, அதே 43 நாக்அவுட், என்ன, அவரு ஒண்ணுல கூட தோக்கல. 2020ல இங்கிலாந்து பாக்ஸர் டைசன் ப்யூரி கூட ரெண்டாவது தடவ மோதப் போறப்ப வைல்டரோட கணக்கு 42 வெற்றி, 41 நாக்அவுட், ஒரே ஒரு டிரா. டிவியில ஒவ்வொரு தடவையும் அந்த சதவீதத்த தங்கத் தகடு மாதிரி காட்டுவாங்க. எனக்கு எரிச்சலே அதுதான். நாக்அவுட் சதவீதம்ங்கறது ஒருத்தன் எவ்வளவு பலமா குத்துறான்னு சொல்ற அளவுகோலே கிடையாது, யார யார எதுத்து நிறுத்துனாங்கன்னு சொல்ற அளவுகோல் அது. நாளைக்கே உங்க தெருவுல இருக்கற நல்லா வாட்டசாட்டமா இருக்கற ஒரு பையன நாப்பது தொப்பைக்காரங்க கூட வரிசையா மோத விட்டா அவனுக்கும் 100 சதவீதம் வரும்.

வைல்டரோட முதல் 32 சண்டையும் நாக்அவுட், அதுவும் எல்லாமே நாலு ரவுண்டுக்குள்ள. கேக்க பயங்கரமா இருக்கும், அந்த லிஸ்ட எடுத்து ஒவ்வொரு பேரா பாத்தா சப்புன்னு ஆயிரும். பாதிப் பேரு வாடகைக்கு வந்து விழுந்துட்டுப் போற ரகம். பேர் தெரிஞ்ச ஆளுன்னு பாத்தா ஆட்லி ஹாரிசன், 2000 சிட்னி ஒலிம்பிக்ஸ் தங்கம், ஆனா 2013ல வைல்டர் முன்னாடி நிக்கறப்ப 41 வயசு, முதல் ரவுண்டுலயே ஆட்டம் காலி. அதே வருசம் செர்கெய் லியாகோவிச், முன்னாள் சாம்பியன், அவரும் முதல் ரவுண்டு, ஆனா அவரு விழுந்த விதம் எனக்கு அன்னிக்கே வயித்தப் பெசஞ்சுது, தரையில கெடந்து காலு தன்னால துடிச்சுது. 2010லயே ஹெரால்ட் ஸ்கோனியர்ஸ்னு ஒருத்தரு வைல்டரையே கீழ தள்ளிட்டாரு, அதையும் சொல்லிரணும், பின்னாடி எந்திரிச்சு வைல்டர்தான் ஜெயிச்சான். 2014ல மாலிக் ஸ்காட் முதல் ரவுண்டுல விழுந்தப்ப "குத்து பட்டுச்சா, காத்து பட்டுச்சா"ன்னு எல்லாரும் சிரிச்சாங்க, வேணும்னே படுத்துட்டாருன்னு வாய்க்கு வந்தபடி பேசுனாங்க, ஆதாரம்னு எதுவும் கிடையாது. கூத்து என்னன்னா அதே மாலிக் ஸ்காட்தான் பின்னாடி வைல்டருக்கு தலைமை டிரெயினரா வந்தாரு. வாங்குன குத்து நிஜம்னு நம்பலைன்னா அந்த வேலைக்குப் போயிருப்பாரான்னு எனக்கு ஒரு சந்தேகம் உண்டு, சரி அது கெடக்கட்டும்.

இவ்வளவு சந்தேகம் இருந்த நான் எப்படி மாறுனேன்னு சொல்றதுக்கு முன்னாடி ஆளு யாருன்னு கொஞ்சம் சொல்லிடறேன். அமெரிக்காவுல அலபாமா மாநிலம், டஸ்கலூசா ஊரு. காலேஜ்ல பாஸ்கெட்பால் ஆடணும்னு ஆசையா இருந்தவன், முதுகெலும்பு சரியா மூடாத பிறவிக் குறையோட மகள் பொறந்ததும் படிப்ப விட்டுட்டு வேலைக்குப் போறான், ஓட்டல் வேலை, பீர் லாரி ஓட்டுற வேலை. பாக்ஸிங் ஜிம்முக்குள்ள முதல் தடவ கால் வைக்கறப்ப வயசு 20. மத்தவன்லாம் எட்டு, பத்து வயசுல ஆரம்பிக்கற விளையாட்டு இது. மூணே வருசத்துல, 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ஸ்ல வெண்கலம், அந்த வருசம் அமெரிக்காவுக்கு பாக்ஸிங்ல கெடச்ச ஒரே மெடல். அந்த வெண்கலத்தையும், பழைய சாம்பியன் ஜோ லூயிஸோட பட்டப் பேரையும் சேத்துதான் "ப்ரான்ஸ் பாம்பர்"னு வச்சுக்கிட்டான், ஜோ லூயிஸும் அலபாமாக்காரர்தான். இதுல நமக்கு வேண்டிய விசயம் ஒண்ணுதான்: இவன் கிட்ட வித்தைக்கு முன்னாடியே குத்து வந்துருச்சு. பெரிய பாக்ஸருங்களுக்கு பத்துப் பதினஞ்சு வருசம் கத்துக்கிட்ட ஆட்டத்தோட உச்சியில பவர் உக்காந்திருக்கும், இவனுக்கு பவர் மேல ஆட்டத்த ஒப்புக்கு ஒட்ட வச்ச மாதிரி இருக்கும். அதனாலதான் கையும் காலும் திசைக்கு ஒண்ணா போறப்ப பாத்தா காத்தாடி சுத்துற மாதிரி இருக்கும், பழைய பாக்ஸிங் வாத்தியாருங்க தலைல அடிச்சுக்குவாங்க.

குத்தோட பலம்னா என்னன்னு ஒரு சின்னக் கணக்கு. 1985ல இங்கிலாந்துல ப்ராங்க் புரூனோவ, அப்ப உலக ரேங்கிங்ல இருந்த ஹெவிவெயிட், ஒரு ஆராய்ச்சிக்காக அளவெடுக்கற கருவியில குத்த விட்டாங்க. பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல வந்துச்சு. அவரு கை இலக்கத் தொடறப்ப வேகம் நொடிக்கு 8.9 மீட்டர், உச்சபட்ச விசை 4,096 நியூட்டன், அதாவது 400 கிலோவுக்கு மேல எடையத் தூக்கி வச்சு அழுத்துற மாதிரி, கொஞ்சூண்டு நேரத்துல. ஆறு கிலோ எடையில துணி சுத்துன ஒரு மரச் சுத்தியல மணிக்கு 20 மைல் வேகத்துல வீசுனா எப்படியோ அப்படின்னு அவங்களே ஒப்பிட்டுச் சொல்லியிருந்தாங்க. வைல்டர் குத்துக்கு இப்படி ஒரு நம்பர் சொல்லி வாதம் பண்ண நான் போறதில்ல, ஆனா கணக்கு புரியும்: கையோட வேகம் ஒண்ணு, அந்தக் கைக்குப் பின்னாடி உடம்போட எடை எவ்வளவு சேந்து வருதுங்கறது இன்னொண்ணு. மூணாவதா ஒண்ணு இருக்கு, அது கருவியில வராது. எதிராளி அந்தக் குத்தப் பாத்தானா இல்லையா? பாத்துட்டா கழுத்து தானா இறுகிக்கும், தலை அவ்வளவா திரும்பாது. பாக்காம வாங்குனா தலை சடார்னு சுழலும், மண்டைக்குள்ள மூளை குலுங்கும், கரண்ட் போன மாதிரி ஆளு அணைஞ்சிருவான்.

வைல்டர் கிட்ட இந்த மூணும் இருக்கு, அதுதான் விசேசம். ஆளு 6 அடி 7 அங்குலம், ரெண்டு கையையும் விரிச்சா 83 இஞ்ச், கிட்டத்தட்ட 7 அடி. கைய எவ்வளவு தூரம் வீசுறானோ அவ்வளவு தூரம் அது வேகம் எடுக்கும், நீளமான கயித்துல கல்லக் கட்டிச் சுத்துற மாதிரி. காலு ரெண்டும் கொக்குக் காலு, கெண்டச் சதையே கிடையாது, அத வச்சு கிண்டல் பண்ணாத ஆளு இல்ல. எடையும் கம்மி. ப்யூரி கூட முதல் சண்டையில இவன் 96 கிலோ, ப்யூரி 116 கிலோ. 20 கிலோ வித்தியாசம்ங்க, அரிசி மூட்டையில பாதிக்கு மேல. அந்த 96 கிலோவ வச்சுக்கிட்டு மல மாதிரி நிக்கற ஆளுங்கள சாய்க்கறான்னா எடையால வர்ற பலம் இல்ல அது. பழைய சாம்பியன் ஜார்ஜ் போர்மேன் குத்துறப்ப மரம் வெட்டுற மாதிரி இருக்கும், முழங்கையில பட்டா கூட வலிக்கும். மைக் டைசன் குத்துறப்ப அடுத்தடுத்து நாலு வரும், எதுல விழுந்தோம்னு தெரியாது. வைல்டரோடது சாட்ட. இடது கைய எதிராளி கண்ணு முன்னாடி ஈ ஓட்டுற மாதிரி ஆட்டிக்கிட்டே இருப்பான், பாக்க அசட்டுத்தனமா இருக்கும், ஆனா அது தூரம் அளக்கறதுக்கும் பார்வைய மறைக்கறதுக்கும் தான். அந்த இடது கை விலகுற நேரத்துல வலது கை ஏற்கனவே வந்து சேந்திருக்கும்.

இருந்தாலும் 2015 ஜனவரியில பெர்மேன் ஸ்டிவர்ன் கிட்ட டபிள்யூபிசி அமைப்போட உலக சாம்பியன் பெல்ட்டப் புடிக்கறப்ப என் கோஷ்டிக்கு ஒரே கொண்டாட்டம். பெல்ட் கெடச்சுச்சு, ஆனா 12 ரவுண்டும் ஓடுச்சு, ஸ்டிவர்ன் விழல. "பாத்தியா, கொஞ்சம் கெட்டியான ஆளு கெடச்சதும் பவர் எங்க போச்சு"ன்னு நான்தான் முதல்ல கேட்டேன். வைல்டர் பாதியிலயே வலது கை உடஞ்சிருச்சுன்னு சொன்னதையும் சாக்குன்னு சொன்னேன். 2017 நவம்பர்ல அதே ஸ்டிவர்ன் திரும்ப வந்து நின்னாரு, முதல் ரவுண்டே தாண்டல. ஆனா அதையும் நான் முழுசா ஏத்துக்கல, ஏன்னா அன்னிக்கு வந்த ஸ்டிவர்ன் ரெண்டு வருசமா ரிங் பக்கமே போகாம தொப்பையோட வந்த ஸ்டிவர்ன். நடுவுல 2016ல ஆர்டர் ஸ்பில்காவ புரூக்ளின்ல 9வது ரவுண்டுல ஸ்ட்ரெச்சர்ல அனுப்புனான், கிறிஸ் அரியோலா கூட சண்டையில வலது கை எலும்பும் உடஞ்சு பைசெப்ஸும் கிழிஞ்சும் ஜெயிச்சான். குத்து வாங்குறவனுக்கு மட்டும் இல்ல, குத்துறவன் எலும்புக்கே அந்த வேகம் தாங்கல.

என்னை மாத்துனது லூயிஸ் ஓர்டிஸ் தான்.

ஓர்டிஸ் க்யூபாக்காரர், இடது கைக்காரர், க்யூபாவோட அமெச்சூர் பள்ளியில நூத்துக்கணக்குல சண்டை போட்டு ஊறிப் போனவரு. அவருகூட மோத ஹெவிவெயிட்ல யாரும் முன்வர மாட்டாங்க, எல்லாருக்கும் ஏதாவது ஒரு வேல வந்துரும். வைல்டர் ரெண்டு தடவ மோதுனான். 2018 மார்ச்ல முதல் சண்டை, 5வது ரவுண்டுல ஓர்டிஸ் விழுந்தாரு, 7வது ரவுண்டுல எல்லாம் தலைகீழ், வைல்டர் காலு பிண்ணுது, கயித்தப் புடிச்சுக்கிட்டு நிக்கறான், மணி அடிச்சதால தப்பிச்சான்னே சொல்லணும். 10வது ரவுண்டுல ஓர்டிஸ் ரெண்டு தடவ விழுந்து முடிஞ்சுது. அது நல்ல சண்டை, ஆனா என் கட்சி மாறுனது 2019 நவம்பர்ல நடந்த ரெண்டாவது சண்டையில.

லாஸ் வேகாஸ். ஆறு ரவுண்டு ஓர்டிஸ் பாடம் எடுக்கறாரு. வைல்டர் கைய நீட்டவே இல்லைன்னு சொல்ற அளவுக்கு சும்மா நிக்கறான். மூணு நடுவருங்களும் ஓர்டிஸுக்குத்தான் போட்டிருந்தாங்க, 59-55, 59-55, 58-56. வைல்டருக்கு ஒரு ரவுண்டு, ரெண்டு ரவுண்டுக்கு மேல யாரும் குடுக்கல. 7வது ரவுண்டு முடிய கொஞ்ச நொடியே இருக்கறப்ப, இடது கைய லேசா காட்டுனான், வலது கை நேரா போச்சு. தாடையில இல்லைங்க. நெத்தியில. இதத்தான் நான் பத்துத் தடவ ரிவைண்ட் பண்ணிப் பாத்தேன். பாக்ஸிங்ல நெத்தியில குத்தறது குத்துறவன் கைக்குத்தான் ஆபத்து, மண்டையோட்டுலயே கெட்டியான எலும்பு அங்க தான், கை உடையும். தாடையில பட்டா தலை திரும்பும், ஆள் விழுவான், அது எல்லாருக்கும் தெரிஞ்ச கணக்கு. நெத்தியில ஒரே ஒரு குத்து பட்டு, அதுவரைக்கும் முக்கால்வாசி ரவுண்ட ஜெயிச்சுக்கிட்டு இருந்த ஒரு ஆளு உக்காந்து, எண்ணி முடிக்கறதுக்குள்ள எந்திரிக்க முடியாம தட்டுத் தடுமாறுறாருன்னா, அதுக்கு மேல என்னத்த வாதம் பண்றது. குருவி உக்கார பனம்பழம் விழுந்த கதைன்னு ஒரு தடவ சொல்லலாம். உக்கார்ற மரமெல்லாம் பழம் விழுந்தா குருவியத்தான் பாக்கணும்.

அவனே அடிக்கடி சொல்லுவான், எதிராளி 12 ரவுண்டும் தப்பே பண்ணாம இருக்கணும், எனக்கு ரெண்டு செகண்ட் சரியா அமஞ்சா போதும்னு. கேக்க வாய்ச்சவடால் மாதிரி இருக்கும், ஓர்டிஸ் சண்டை பாத்தா வெறும் வர்ணனை.

அதுக்கு ஒரு வருசம் முன்னாடியே நடந்ததுதான் ப்யூரி கூட முதல் சண்டை, 2018 டிசம்பர் 1, லாஸ் ஏஞ்சல்ஸ் ஸ்டேபிள்ஸ் சென்டர். நமக்கு ஞாயித்துக்கெழம காலைல. அங்க சனிக்கிழம ராத்திரின்னா இங்க ஞாயிறு இட்லி நேரம், இந்த ஒரு வசதிக்காகவே நான் ஹெவிவெயிட் பாக்கறேன்னு சொல்லலாம். டைசன் ப்யூரி அப்பதான் ரெண்டரை வருசம் கிட்ட ரிங்குக்கே வராம, குடி, மன அழுத்தம், கண்டபடி உடம்பு ஏறி, எல்லாத்தையும் எறக்கி வந்திருக்கான். 6 அடி 9 அங்குலம், ஆனா பாம்பு மாதிரி வளையறான். வைல்டர் வீசறதெல்லாம் காத்துல போகுது. 430 குத்து வீசி 71 தான் பட்டுச்சுன்னு பின்னாடி கணக்கு குடுத்தாங்க. ப்யூரி கைய முதுகுக்குப் பின்னாடி கட்டிக்கிட்டு கிண்டல் பண்றான். 9வது ரவுண்டுல ஒரு தடவ விழுந்தான், எந்திரிச்சான், திரும்ப அவன்தான் ஆட்டத்தப் புடிச்சான்.

12வது ரவுண்டு. வலது நேரா தாடைக்கு, சாயறப்பவே இடது கையால வளைச்சு வீசுன ஹூக் ஒண்ணு. ப்யூரி விழுந்ததப் பாத்திருக்கீங்களா? வேரோட சாஞ்ச தென்னமரம் மாதிரி மல்லாக்க. எங்க வீட்டுல அம்மா சமையக்கட்டுல இருந்து எட்டிப் பாத்துட்டு "என்னடா, செத்துட்டானா?"ன்னு கேட்டாங்க. நானும் முடிஞ்சுதுன்னுதான் நெனச்சேன், வைல்டரும் முடிஞ்சுதுன்னு ஆட ஆரம்பிச்சிட்டான். ரெஃப்ரி ஜாக் ரீஸ் மட்டும் கைய ஆட்டி நிறுத்தாம மண்டி போட்டு எண்ணுறாரு. அஞ்சு எண்ணுற வரைக்கும் பொணம். அப்புறம் யாரோ ஸ்விட்ச் போட்ட மாதிரி கண்ணு முழிச்சு, ஒம்பதுக்குள்ள எந்திரிச்சு நிக்கறான் மனுசன். எந்திரிச்சது மட்டும் இல்ல, மீதி ரவுண்டுல வைல்டரத் தொரத்துறான். சண்டை டிரா.

இதுல இருந்து ரெண்டாவது கோஷ்டி என்ன எடுத்துக்கிச்சுன்னா, "பாத்தியா, பவர் பவர்னியே, எந்திரிச்சிட்டானே." நான் என்ன எடுத்துக்கிட்டேன்னா, வேற எவன் குத்தியும் அப்படி ப்யூரி விழுந்து நான் பாத்ததில்ல. விளாடிமிர் கிளிட்ச்கோவ எதுத்து 2015ல ப்யூரி 12 ரவுண்டு நின்னான், கிளிட்ச்கோவும் சாதாரண குத்துக்காரன் இல்ல, ப்யூரிக்கு ஒண்ணும் ஆகல. எந்திரிச்சது ப்யூரியோட பெருமை. விழ வச்சது வைல்டரோட பெருமை. ரெண்டும் ஒரே நேரத்துல நெசமா இருக்கலாம், ஒண்ணு இருந்தா இன்னொண்ணு பொய்யாகணும்னு யாரு சொன்னா?

பழைய ஆளுங்களுக்கு இது புதுசு இல்ல. எர்னி ஷேவர்ஸ்னு ஒருத்தர் இருந்தாரு, மொட்டத் தல, அதனால முகமது அலி அவருக்கு "ஏகார்ன்"னு பேரு வச்சாரு, ஓக் மரத்துக் கொட்டை. 68 நாக்அவுட். எடையும் ஏறக்குறைய வைல்டர் எடைதான். 1977 செப்டம்பர்ல அலிய மேடிசன் ஸ்கொயர் கார்டன்ல 15 ரவுண்டும் அடிச்சாரு, அலி விழல, பாயிண்ட்ல ஜெயிச்சாரு, ஆனா அன்னிக்கு வாங்குனதப் பத்தி அலி கடைசி வரைக்கும் ஜோக் அடிச்சுக்கிட்டே இருந்தாரு. 1979ல கென் நார்ட்டன ஒரே ரவுண்டுல முடிச்சாரு. அதே வருசம் அப்ப சாம்பியனா இருந்த லேரி ஹோம்ஸ 7வது ரவுண்டுல ஒரே வலது கையில சாச்சாரு, ஹோம்ஸ் எப்படியோ எந்திரிச்சு 11வது ரவுண்டுல ஜெயிச்சாரு. ஷேவர்ஸ் கடைசி வரைக்கும் சாம்பியன் ஆகல. அதுக்காக ஷேவர்ஸ் பவர் டூப்புன்னு ஒருத்தனும் சொல்றதில்ல, ஏன்னா அவரு கிட்ட அடி வாங்குனவங்க ஹோம்ஸும் அலியும், அவங்க வாயால சொல்றப்ப யாரு மறுக்கறது. ஒரு குத்துக்காரனுக்கு நாக்அவுட் லிஸ்ட் சர்டிபிகேட் இல்ல, எந்திரிச்சு நின்னு அவன ஜெயிச்சவன் குடுக்கறதுதான் சர்டிபிகேட். வைல்டருக்கு அந்தக் கையெழுத்த போட்டவன் ப்யூரி.

சரி, இப்ப இன்னொரு பக்கம். எனக்கு வைல்டர் ரசிகனுங்க மேல இருக்கற கோவமும் இதுலதான். பவர் இருக்கு, ஆனா அதுக்கு ஒரு விலாசம் இருக்கு. அந்த வலது கைக்கு இடம் வேணும், தூரம் வேணும், பின்னங்கால் தரையில ஊனி நிக்கணும். 2020 பிப்ரவரி 22ல ப்யூரி இத அப்படியே பாடமா எடுத்தான். முதல் சண்டையில தள்ளி நின்னு வளைஞ்சு ஆடுனவன், ரெண்டாவதுல 124 கிலோ ஏத்திக்கிட்டு வந்து நேரா முன்னாடி நடந்தான். அவ்வளவுதான் திட்டம். முன்னாடி நட, நெஞ்சோட நெஞ்சு முட்டு, எடையப் போட்டுச் சாய், அவன் குதிகால்ல நிக்கட்டும். குதிகால்ல நிக்கறவன் குத்த முடியாது, நின்னு பாருங்க, உங்களுக்கே தெரியும். வைல்டர் 3வது ரவுண்டுல ஒரு தடவ, 5வதுல வயித்துல வாங்கி ஒரு தடவ விழுந்தான், 7வதுல அவன் மூலையில இருந்த டிரெயினர் மார்க் ப்ரீலேண்ட் துண்டு வீசி நிறுத்துனாரு. அதுக்கு வைல்டர் சொன்ன காரணம், நடந்து வந்த டிரஸ் 18 கிலோ, காலு செத்துருச்சாம். ப்ரீலேண்டையும் வேலைய விட்டு அனுப்பிட்டான். உசுரக் காப்பாத்துன மனுசன அப்படியா பண்ணுவாங்க, எனக்கு இன்னிக்கும் ஆத்தாமையா இருக்கு.

ஆனா 2021 அக்டோபர்ல மூணாவது சண்டை, இவன் 3வது ரவுண்டுல கீழ விழுந்து, ஏறக்குறைய முடிஞ்ச கதைன்னு நெனச்சுக்கிட்டு இருக்கறப்ப 4வது ரவுண்டுல ப்யூரிய ரெண்டு தடவ போட்டான். ரெண்டு தடவ! எதிர்ல 126 கிலோ. 11வதுல வைல்டர் நாக்அவுட் ஆனான், இந்தத் தடவ சாக்கெல்லாம் எடுபடாது, ஆனா மூணு சண்டையிலயும் சேத்து ப்யூரி நாலு தடவ தரையில. ஜெயிக்காத சண்டைங்கள்ல தான் இவன் பவருக்கு நல்ல ஆதாரம் கெடக்குதுன்னு நான் சொல்லுவேன், அந்த 32 நாக்அவுட்டயும் தூக்கி ஓரமா வச்சிருங்க, இந்த நாலு போதும்.

2022 அக்டோபர்ல ராபர்ட் ஹெலேனியஸ் விழுந்ததும் ஒரு விசித்திரம். நான் மேல சொன்ன விலாசக் கணக்குக்கே எதிரா இருக்கும் பாத்தா, வைல்டர் கயித்துப் பக்கம் பின்னாடி போய்க்கிட்டு இருக்கான், ஹெலேனியஸ் பாய்ஞ்சு வர்றாரு, வைல்டர் கை போன தூரம் சாண் கூட இருக்காது. ஆளு அப்படியே அணைஞ்சுட்டாரு, முதல் ரவுண்டு முடிய மூணே நொடி. ஆனா யோசிச்சா கணக்கு சரியா வருது: அங்க எடை ஹெலேனியஸோடது. ரெண்டு லாரி நேருக்கு நேர் வர்றப்ப ஒரு லாரி மெதுவா வந்தா என்ன, மோதல் மோதல்தான். அன்னிக்கு ஜெயிச்சிட்டு ப்ரஸ்மீட்ல வந்து உக்காந்து வைல்டர் அழுதான். 2015ல ஒரு சண்டையில மூளைல அடிபட்டு கோமாவுக்குப் போன ப்ரிச்சார்ட் கொலோன்ங்கற பாக்ஸரப் பத்தி பேசறப்ப. இதே வாய்தான் சில வருசம் முன்னாடி, என் ரெக்கார்டுல ஒரு உயிர் விழணும்ங்கற மாதிரி பேசி எல்லார் கிட்டயும் திட்டு வாங்குச்சு. எனக்கு அந்தப் பழைய பேச்சு இன்னிக்கும் ஜீரணிக்காது. ஆனா தன் கையில என்ன இருக்குன்னு தெரிஞ்சவன் அழுத மாதிரிதான் அந்த அழுகை இருந்துச்சு.

அதுக்கப்புறம் கதை சட்டுன்னு சரிஞ்சுருச்சு. 2023 டிசம்பர்ல ரியாத்ல ஜோசப் பார்க்கர் 12 ரவுண்டும் தண்ணி காட்டுனாரு, ஒரு நடுவர் 120-108 போட்டாரு, அதாவது வைல்டருக்கு ஒரு ரவுண்டு கூட இல்ல. கைய வீசவே இல்ல மனுசன், ஏதோ யோசிச்சுக்கிட்டே இருந்தான். 2024 ஜூன்ல சீனாக்காரர் சாங் ஜிலெய் 5வது ரவுண்டுல முடிச்சு விட்டாரு, சாங்குக்கு அப்ப வயசு 41. ரெண்டாவது கோஷ்டி மறுபடியும் குதிச்சுச்சு, "பாத்தியா பாத்தியா"ன்னு. நான் பாத்தது வேற. வலது கை செத்துப் போகல, அந்தக் கைய அனுப்பற தைரியம் செத்துப் போச்சு. வைல்டர் கிட்ட ஜாப், அதாவது முன்னங்கையால சட்டுன்னு நேரா விடற குத்து, கிடையாது, உடம்புக்கு குத்துறது கிடையாது, கிட்டப் போயி சண்டை போடத் தெரியாது, பதினஞ்சு வருசமா கத்துக்க வேண்டிய அவசியமே வரல, ஒரு கை எல்லாத்தையும் முடிச்சுக் குடுத்துக்கிட்டு இருந்துச்சு. பணக்கார வீட்டுப் புள்ளைக்கு சமைக்கத் தெரியாத மாதிரி.

நண்பனுக்கு நேரடி பதில் வேணும்னா இதான்: பேரு நெசம், சதவீதம் பொய். ஒத்த வலது கை, ஒத்த குத்து, நல்ல தூரம் கெடச்சா, நான் வீடியோவுல பாத்த ஹெவிவெயிட்டுங்கள்ல இவனுக்கு மேல ஒருத்தரையும் வைக்க மாட்டேன், ஷேவர்ஸ பக்கத்துல உக்கார வைப்பேன். "பெரிய குத்துக்காரன்"னு பொதுவா கேட்டா போர்மேன் முன்னாடி நிக்கறாரு, ஏன்னா அவருக்கு ரெண்டு கையிலயும் இருந்துச்சு, கிட்ட நின்னாலும் இருந்துச்சு, 45 வயசுல மைக்கேல் மூரர சாய்க்கறப்பவும் இருந்துச்சு. 

2025 ஜூன்ல கான்சாஸ் மாநிலத்து விச்சிட்டாவுல டைரெல் ஹெர்ண்டன் கூட வைல்டர் திரும்ப வந்தான். 7வது ரவுண்டுல ஜெயிச்சான், அந்த 43வது நாக்அவுட் அதுதான். முன்னாடி இருந்த வைல்டரா இருந்தா அந்த ஆளுக்கு ரெண்டு ரவுண்டு அதிகம். நான் முழுசா பாத்தேன், குத்தப் பாக்கல, பின்னங்காலத்தான் பாத்துக்கிட்டே இருந்தேன். ஊனவே மாட்டேங்குது. மச்சான், அடுத்த தடவ வீடியோ அனுப்பறப்ப அந்தக் காலு தெரியற மாதிரி ஒண்ணு அனுப்பு.